‘ஓ’ சேர்த்த தண்ணீர்

கம்பெனி கார் கேட்டைத் தாண்டி ஒரகடம் ரவுண்டானாவைத் தொடுவதற்குள் பின்ஸீட்டிலிருந்து ஃபேக்டரி மேனேஜர் நிஷிமுரா "மிஸு" என்றார். வசுமதி முன்ஸீட்டில் இருந்தபடியே உடம்பைத் திருப்பி, மடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஓமிஸு தெஸ்" என்று நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான் நடந்தது, பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை நடப்பதுதான், ஆனால் இன்றைக்கு அந்த ‘ஓ’ அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. கேட்டவர் தண்ணீர் என்று கேட்டார். கொடுத்தவள் தண்ணீருக்கு ஒரு மரியாதை சேர்த்துக் கொடுத்தாள். ஜப்பான்காரர்களிடம் அது ஒரு ஏற்பாடு, வீட்டில் புழங்குகிற சாமானுக்கெல்லாம் இரண்டு இரண்டு பெயர். ஆம்பளைகள், அதிலும் நிஷிமுரா மாதிரி பட்டறையில் வளர்ந்து மேலே வந்த ஆம்பளைகள், சோற்றை மெஷி என்பார்கள். வசுமதி கோஹான் என்பாள். அவர்கள் வயிறு ஹரா, அவள் வயிறு ஓனாகா. அவருடைய டீ சா, அவளுடையது ஓச்சா. அவர் பென்ஜோவுக்குப் போவார். அவள் ஓதேஅராய்க்குப் போவாள், கை கழுவும் இடம் என்று அர்த்தம், கை கழுவ மட்டும் அங்கே யாரும் போவதில்லை. முன்னால் ஒரு ‘ஓ’ வைத்தால் போதும், பல சாமான் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் வைக்க முடியாது. நேற்றிலிருந்து அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருப்பது அதுதான், விரலுக்கு ‘ஓ’ உண்டா. விரலுக்கு யுபி. ஓயுபி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாளா? கேட்டிருக்கிறாள், ஒரே ஒரு தடவை, நகோயாவில் ஒரு மோதிரக் கடையில், வெள்ளைக் கையுறை போட்ட விற்பனைப் பெண் தன் முன் நீண்ட மணப்பெண்ணின் விரலை அப்படிச் சொன்னாள். மோதிரம் போடப்போகிற விரலுக்கு அது சரி. நேற்றுக் காலை பத்தேகாலுக்கு மூன்றாம் லைன் பிரஸ் மெஷினுக்கு அடியில் தணிகாசலம் விட்டுவிட்டு வந்த இரண்டு விரலுக்கும் அதைச் சொல்ல முடியுமா? ஆட்காட்டி விரல், நடுவிரல். வலது கை. ஆட்காட்டி விரலுக்கு அங்கேயும் ஆளைக் காட்டும் விரல் என்றுதான் பெயர், ஹிதோஸாஷி, சொல்லுக்குச் சொல் அப்படியே. எங்கேயோ தீவில் இருக்கிறவனும் நம்மவனும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி. அந்த ஒற்றுமையை முதல் தடவை படித்தபோது அவள் சந்தோஷப்பட்டு நோட்டில் அடிக்கோடு போட்டிருக்கிறாள். இப்போது அந்தத் தணிகாசலத்தைப் பார்க்கத்தான் பூந்தமல்லிப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நிஷிமுரா பேசுவார். தணிகாசலம் பேசுவான். நடுவில் மொழிபெயர்க்க அவள் நிற்பாள்.

பக்கத்தில் ஒரு லாரி, கன்டெய்னர், அதற்கு முன்னால் இன்னொரு கன்டெய்னர். டிரைவர் அந்தோணி வழக்கமாக எஃப்.எம். போடுவான், இன்றைக்குப் போடவில்லை, கம்பெனி முழுக்கவே நேற்றிலிருந்து சத்தம் குறைந்திருந்தது. மணி மூன்று. ஏ.சி. காற்று முழங்காலில் மட்டும் அடித்தது. வசுமதிக்குத் தூங்க வேண்டும் போல இருந்தது, தூக்கம் கூட இல்லை, எங்கேயாவது தலையைச் சாய்த்து யாரும் எதுவும் கேட்காத ஒரு அரைமணி. நாற்பத்தாறு வயதில் அவளுக்கு வரும் அலுப்பு உடம்பில் வருவதில்லை, வாயில் வருகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தாடை வலிக்கும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்கு, அவர் சொன்னதை இவருக்கு, நாள் முழுக்க. எதிலேயும் அவள் வார்த்தை இல்லை. அப்படித்தான் அவள் எல்லாரிடமும் சொல்வாள், என் வார்த்தை ஒன்றும் இல்லை சார், நான் பைப்பு மாதிரி, இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வரும். பைப்பு. அந்தப் பக்கம் வந்தது அதே தண்ணீரா என்று யார் பார்த்தார்கள்? பின்ஸீட்டில் நிஷிமுரா பாட்டிலை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் ஜன்னலைப் பார்த்து, யாரையும் கேட்காத மாதிரி, "நான்தே இவானகத்தா" என்றார். ஏன் சொல்லல. அவ்வளவுதான், இரண்டே சொல், மரியாதை ஒட்டு எதுவும் இல்லை, மனுஷன் தனக்குள் பேசிக்கொள்ளும்போது ஒட்டு வைக்கமாட்டான். மெஷின் சரியில்லை என்றால் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஏன் இந்த ஜனங்கள் வாயைத் திறப்பதில்லை. அவர் குரலில் கோபம் இல்லை. நேற்று அவர் அந்த விரல்களை ஐஸ் போட்ட பையில் வைத்துத் தானே ஆம்புலன்ஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடியவர், ஐம்பத்தெட்டு வயதில், சட்டையெல்லாம் ரத்தம். சேர்த்துத் தைக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றவர். அந்தக் கேள்விக்கு வசுமதி என்ன சொன்னாள்? "ஸோ தெஸ் நே" என்றாள். ஆமாம் இல்லையா. யோசிக்கவே இல்லை, முழங்காலில் தட்டினால் கால் எழும்புகிற மாதிரி அது வந்தது, குரல்கூட வழக்கம்போல அரைச்சுருதி ஏறி. ஸோ தெஸ் நே. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதுக்கு வந்தது.

ஏனென்றால் தணிகாசலம் சொன்னான். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, காலை லைன் மீட்டிங், எல்லாரும் நின்றபடி. ஆயுத பூஜைக்குக் கட்டிய காகிதத் தோரணம் இன்னும் அவிழ்க்காமல் மூன்றாம் லைன் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது, அது கூட ஞாபகம் இருக்கிறது. நிஷிமுரா, யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டார். அது அவர் தினம் கேட்பது. யாரும் தினம் பேசுவதில்லை. அன்றைக்குத் தணிகாசலம் கையைத் தூக்கினான். தூக்கிய கை வலது கைதான், அஞ்சு விரலும் விரிந்திருந்தது, உள்ளங்கையில் ஆயில் கறுப்பு. இதை அவள் நேற்றிலிருந்து எத்தனை தடவை பார்த்துவிட்டாள். "மேடம், அந்த மெஷின் டபுள் அடிக்குது. ஒரு தடவை அமுக்கினா தானா ரெண்டாவது தடவை எறங்குது. சென்சார் சும்மா லைட் எரியுது, வேலை செய்யல. ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் அது எவன் கையயாவது திங்கப் போகுது. அவர்கிட்ட நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க மேடம்." சொன்ன மாதிரியே. அவன் கேட்டது அது ஒன்றுதான். அவளுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. திங்குது என்பதற்குக் குவு. நகோயாவில் பட்டறைக்காரர்கள் இதையே இப்படியேதான் சொல்வார்கள், கையை மெஷின் தின்னுட்டுது, குவு, வேறு சொல்லே கிடையாது, வந்து நாக்கு நுனியில் நின்றது. ஆனால் குவு என்பது ஆம்பளைகள் சொல்லும் சொல், முரட்டுச் சொல், நாய் தின்பதற்கும் குடிகாரன் தின்பதற்கும் உள்ள சொல். அவள் வாயில் இருந்தது தாபேரு, சாப்பிடுவது, அதற்கு மேலே இன்னும் ஒரு படி உயர்த்திக்கொண்டால் மெஷிஅகாரு, பெரியவர்கள் அமுது செய்வதற்கு. மெஷின் கையை அமுது செய்யும் என்றா சொல்ல முடியும்? அந்த ஒரு விநாடியில் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்புக் கூட வந்தது, உள்ளே. பிறகு அவள் திரும்பி, கைகளை வயிற்றுக்கு முன்னால் சேர்த்து, அரைச்சுருதி ஏற்றி, இயந்திரத்தின் பக்கம் சற்றே மனத்தில் படும்படியான ஒரு விஷயம் இருப்பது போலத் தெரிகிறது என்று சொன்னாள். அழகான வாக்கியம். ஒரு தப்பு இல்லை. பரீட்சையில் எழுதினால் முழு மார்க். நிஷிமுரா, மனத்தில் படுகிறதா, என்று சொல்லித் தலையை ஆட்டினார். அடுத்த மெயின்டனன்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதையும் அவள் தமிழில் சொன்னாள், அதையும் கொஞ்சம் உயர்த்தி: "சார் நல்லா புரிஞ்சுக்கிட்டார், கண்டிப்பா கவனிக்கறேன்னு சொல்றார்." தணிகாசலம் நிஷிமுராவைப் பார்த்து லேசாகக் கும்பிட்டான். நிஷிமுராவும் குனிந்தார். எல்லாரும் போய் மெஷினில் நின்றார்கள்.

இருங்காட்டுக்கோட்டை தாண்டியும் நெரிசல் விடவில்லை. அந்தோணி, "மேடம், சர்வீஸ் ரோட்ல போகட்டா?" என்றான். "போங்க." நிஷிமுரா கேட்டார், என்ன சொல்கிறான் என்று. சேவைச் சாலை வழியாகச் செல்ல அனுமதி கேட்கிறார் என்று சொன்னாள். அனுமதி. அந்தோணி அனுமதியா கேட்டான்? இப்படித்தான், ஒன்று கூட அப்படியே போவதில்லை. இவர் "ஓய், சா" என்று கத்துவதை அவள் கேன்டீன் பையனிடம் கூட "சார் டீ கேக்கறார், முடிஞ்சா கொண்டு வாங்க" என்று மாற்றிவிடுவாள். லைனில் இவர் வாயில் வரும் முட்டாள், கழுதை எல்லாம் தமிழுக்கு வரும்போது, "இன்னும் கொஞ்சம் கவனமா செஞ்சா நல்லா இருக்கும்னு சொல்றார்." தொழிலாளிகள் நிஷிமுரா சாரைப் போலத் தங்கமான மனுஷனைப் பார்த்ததில்லை என்பார்கள். நிஷிமுராவோ தமிழ்நாட்டுத் தொழிலாளிகளைப் போல அடக்கமானவர்களை எங்கேயும் பார்த்ததில்லை என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார். இரண்டு பேரும் பதினோரு வருஷமாகச் சந்தித்ததே இல்லை. சந்தித்ததெல்லாம் வசுமதி.

சம்பத் நேற்றே வந்து பேசிவிட்டார். சம்பத் புரொடக்ஷன் இன்சார்ஜ், அன்றைக்கு மீட்டிங்கில் அவரும் நின்றிருந்தார், தணிகாசலம் சொன்னதை அவர் காதாலும் கேட்டவர். விபத்து நடந்து மூன்று மணி நேரத்தில் அவர் ரிப்போர்ட் தயார் செய்துவிட்டார்: ஆபரேட்டர் அவசரத்தில் கையை உள்ளே விட்டார், இதற்கு முன் இயந்திரம் பற்றிப் புகார் எதுவும் இல்லை. ஜப்பானிய மொழியில் மாற்றித் தரச்சொல்லி அவளிடம்தான் வந்தது. அவள் அந்த வரியில் நின்றபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "மேடம், நீங்க அன்னிக்குச் சரியாத்தான் சொன்னீங்க. எனக்கும் கொஞ்சம் ஜப்பானிஸ் புரியும். புகார்னு நீங்க சொல்லவே இல்லியே. ‘மனசுல படுது’ன்னுதானே சொன்னீங்க. அப்ப புகார் இல்லதானே? அதை இப்ப கிளறினா உங்களுக்குத்தான் கஷ்டம். எனக்கு என்ன." அவர் எழுந்து போன பிறகு அவள் அந்த வரியையும் மொழிபெயர்த்தாள். அதுவும் நல்ல வாக்கியமாக வந்தது. அந்தக் காகிதத்தை நம்பி நிஷிமுரா கையெழுத்துப் போட்டார், அந்தக் கையெழுத்தை வைத்து இன்று காலை ஷிஃப்டில் சம்பத் மெஷினைக் கழுவித் துடைத்து மறுபடி ஓடவிட்டார். முனிராஜ் நிற்கிறான் அதில். காலையில் அவள் அந்த வழியாகப் போனபோது பார்த்தாள், முனிராஜ் ஹெட்ஃபோன் மாதிரி காதுமூடியை மாட்டிக்கொண்டு தகட்டை வைத்தான், எடுத்தான், வைத்தான், எடுத்தான். ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் அவளுக்குத் தோள்பட்டை தூக்கிப்போட்டது. நின்று பார்க்காமல் போய்விட்டாள். இப்போது மணி மூன்று இருபது. ஷிஃப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். ஒரு நிமிஷத்துக்கு எட்டு தகடு. எண்ணாதே. எண்ணாதே என்று சொன்னாலும் உள்ளே ஒன்று எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

சொல்லிவிடலாம். இப்போதே திரும்பி, பாட்டிலை நீட்டிய மாதிரி, சொல்லிவிடலாம். நிஷிமுரா-சான், ஒரு விஷயம். அதோடு முடிந்துவிடுகிறது வாக்கியம். அதற்கு மேல் எந்தச் சொல்லில் சொல்வது? பணிவான சொல்லில் சொன்னால் அது மறுபடி கரைந்துவிடும். என்னுடைய விளக்கம் போதாமல் இருந்திருக்கக்கூடும் என்று வரும், அவர், அப்படியெல்லாம் இல்லை என்பார், இரண்டு பேரும் குனிந்துகொள்வார்கள், முனிராஜ் தகட்டை வைப்பான். வெறும் சொல்லில் சொல்ல அவள் வாய்க்குப் பழக்கமில்லை. பழகத்தான் பார்த்தாள், ஒரு தடவை. இருபது வருஷத்துக்கு முன்னால், கம்பெனிப் பயிற்சிக்கு நகோயாவில் ஒரு வருஷம். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ‘ஓ’வும் வினைக்குப் பின்னால் ஒட்டுகிற மரியாதை ‘மாஸ்’ஸும்தான், பட்டறையில் காதில் விழுந்ததெல்லாம் வேறு. ரொம்பக் குளிரான ஒரு மத்தியானம், பசி, எல்லாரோடும் சேர்ந்துவிட்டோம் என்ற ஒரு துணிச்சல், பக்கத்து மேஜைக்காரன் தினம் சொல்வதையே அவளும் சொன்னாள், "ஹரா ஹெத்தா." பசி உயிர் போவுது. ஆபீஸ் முழுக்க ஒரு விநாடி நின்றது. பிறகு சிரிப்பு. பகையான சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் மோசம். செக்ஷன் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வசுமதி-சான் உள்ளே ஒரு கிழவன் உட்கார்ந்திருக்கிறான் என்றார், மறுபடி சிரிப்பு. ஒரு மாசம் வரைக்கும் யாராவது அவளைப் பார்த்தால் ஹரா ஹெத்தா என்பார்கள். அன்றைக்கு அவள் மூடிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வது போல ஒரு ‘ஓ’வை இழுத்து எல்லாவற்றின் மேலும் போட்டுக்கொண்டாள், அதிலிருந்து இன்றுவரை எடுக்கவில்லை. ஒரு சிரிப்புக்கு இரண்டு விரலா. அப்படி இல்லை, அப்படி நேராக முடிச்சுப் போடக்கூடாது, மெஷின் பழுது, சென்சார் பழுது, சம்பத், மெயின்டனன்ஸ், எவ்வளவோ இருக்கிறது. இருக்கிறதுதான். இருந்தாலும்.

அதே நகோயாவில்தான் அப்பா செத்த செய்தியும் வந்தது. அவள் போய் லீவ் கேட்டாள், புத்தகத்தில் இருந்த மாதிரியே, தந்தையார் மறு உலகு எய்தினார், தாகாய், குனிந்து சொன்னாள். அவர்களும் குனிந்து, மிகுந்த வருத்தம் என்றார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை, ஏதோ பார்சல் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய மாதிரி இருந்தது. பெட்டி எடுக்கப் போகும் வழியில் சமையலறைப் பக்கம் தட்டு கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, ரப்பர் பூட்ஸ் போட்டவள், பெயர் கூடத் தெரியாது, குழாயை நிறுத்திவிட்டு, "அப்பா செத்துட்டாரா?" என்றாள். ஷிந்தா நோ. அவ்வளவுதான். செத்துட்டாரா. அந்தச் சொல் வந்து நெஞ்சில் அப்படியே கல் மாதிரி விழுந்தது, அப்போதுதான் அப்பா செத்தார். வசுமதி அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஈரத்தில், அழுதாள். அந்தப் பெண்பிள்ளை ஈரக் கையோடு அவள் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெறும் சொல்லுக்கு எவ்வளவு சக்தி என்று தெரியாதவளாக இருந்தால் பரவாயில்லை. தெரியும் அவளுக்கு. தெரிந்தேதான் அந்த வியாழக்கிழமை அவள் அதை எடுத்து ஒளித்து வைத்தாள்.

நசரத்பேட்டை. நிஷிமுரா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதினார், அடித்தார். அவரும் வார்த்தை தேடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது, அது அவளை ஏதோ செய்தது. ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வண்டி, ஆட்டோக்கள், ஒரு காலில் கட்டுப் போட்ட ஆள் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். லிஃப்டில் கண்ணாடி. கண்ணாடியில் தன் முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதை வசுமதி பார்த்தாள், பேச்சுக்கு நடுவில் நிற்கும்போது போட்டுக்கொள்ளும் சிரிப்பு, எப்போது போட்டுக்கொண்டாள் என்றே தெரியவில்லை. எடுக்கப் பார்த்தாள். மூன்றாம் மாடி வருவதற்குள் பாதிதான் எடுக்க முடிந்தது.

ஆறு கட்டில் போட்ட வார்டில் ஜன்னலோரக் கட்டில். தணிகாசலம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், வலது கை ஒரு கம்பியிலிருந்து தூக்கிக் கட்டியிருந்தது, மணிக்கட்டுக்கு மேலே தலையணை மாதிரி வெள்ளைத் துணி. நேற்றைக்கு இருந்ததை விடச் சின்ன ஆளாகத் தெரிந்தான். பக்கத்தில் ஸ்டூலில் அவன் மனைவி சுகுணா, அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள், இவர்களைப் பார்த்து டம்ளரோடு எழுந்தாள். நிஷிமுரா கட்டில் காலருகே நின்று குனிந்தார். நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு பேசினார், நோட்டில் எழுதிவைத்ததை, ஓ சேர்த்த சொற்களாக, உடல்நிலை எவ்விதம் உள்ளது, பெரும் துயரத்துக்கு ஆளாக்கிவிட்டோம். அவருக்கும் அந்த மொழி தெரியும், பயந்தால் அவரும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறார். வசுமதி அதைத் தமிழில் சொன்னாள். தணிகாசலம், "பரவால்ல சார்" என்றான். சுகுணா டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள். நிஷிமுரா நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அவர் குரல் மாறியது.

"நான்தே இவானகத்தா. கேளுங்க அவரை."

உயர்த்திச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. அப்படியே வந்துவிட்டது. "ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேக்கறார்."

தணிகாசலம் அவரைப் பார்த்தான், பிறகு அவளை. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் இருந்தது குழப்பம்.

"சொன்னேனே மேடம். அன்னிக்கு மீட்டிங்ல. நீங்கதான பக்கத்துல நின்னீங்க? நீங்க சொன்னீங்கல்ல அவர்கிட்ட?"

வசுமதி கைப்பையின் வாரை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவர் தலைய ஆட்டினாரே. நான் அன்னிக்கு வேலைய விட்டுட்டுப் போயிடலாம்னு இருந்தேன் மேடம். இவகிட்ட கூட சொல்லிட்டு வந்தேன். அவர் தலைய ஆட்டினாரு, பாத்துப்பாருன்னு நின்னேன். நல்ல மனுஷன்னு நின்னேன்."

நிஷிமுரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், மொழிபெயர்ப்புக்காக. அந்தப் பார்வைக்கு அவள் பதினோரு வருஷமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறாள், ஒரு நாளும் இரண்டு விநாடிக்கு மேல் தாமதித்ததில்லை. தயாரான வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவருக்குச் சரியாக நினைவில்லை போலிருக்கிறது. இப்போது மருந்தின் மயக்கத்தில் இருக்கிறார். முன்பே ஏதோ குறிப்பிட்டதாக எண்ணுகிறார். எல்லாமே இலக்கணப்படி சரி. அவள் வாயைத் திறந்தபோது என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

"கொனோ ஹிதோ வா இத்தா," என்றாள். "வாதாஷி கா இவானகத்தா."

இந்த ஆள் சொன்னான். நான்தான் சொல்லல. ‘மாஸ்’ இல்லை, ‘தெஸ்’ இல்லை. குரல் ஏறவில்லை. அது ஒரு தடித்த, தெரியாத குரலாக இருந்தது. அதுதான் தன் குரல் என்று அவளுக்கு ஞாபகம் வர ஒரு கணம் ஆயிற்று. நிஷிமுரா நகரவில்லை. கன்னத்தில் ஒரு சதை மட்டும் துடித்தது. பிறகு கேட்டார், அவன் என்ன சொன்னான், அவன் சொன்ன மாதிரியே சொல். அவள் சொன்னாள். மெஷின் ரெண்டு தடவை இறங்குது, சென்சார் செத்துக் கிடக்குது, ஒரு நாள் எவன் கையையாவது தின்னும். குவு என்றுதான் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஒரே கேள்வி.

"இப்ப அதுல யார் நிக்கறது?"

"முனிராஜ்."

"தொமேரோ!" நிறுத்து.

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசுமதி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாயிற்று. மணி அடித்துக்கொண்டே இருந்தது. சம்பத் எடுத்தார், பின்னால் மூன்றாம் லைன் சத்தம், டம், டம், டம்.

"சொல்லுங்க மேடம். முடிஞ்சுதா அங்க?"

"சம்பத், மெஷின நிறுத்து."

"மேடம்?"

"மூணாம் லைன் பிரஸ்ஸ நிறுத்து. இப்பவே. முனிராஜ வெளிய இழு."

"என்ன மேடம் நீங்க, இன்னும் ஒரு லாட் பாக்கி—"

"அவன் கை போயிரும்டா! நிறுத்து!"

டம், என்றது. டம். அவள் மூச்சை விடாமல் நின்றாள். சம்பத் யாரிடமோ கத்தினார். இன்னொரு டம். பிறகு ஒன்றும் இல்லை, ஃபேன் ஓடும் இரைச்சல் மட்டும், யாரோ ஒருவன் என்னாச்சு என்னாச்சு என்று கேட்கும் குரல். முனிராஜின் குரல் அது. அவள் நிஷிமுராவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"என்ன மேடம் நடக்குது?" என்றான் தணிகாசலம்.

அவனிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கியிருந்தது. அது தமிழ்தான், பிறந்ததிலிருந்து பேசுகிற தமிழ், இருந்தும் அதற்கும் அவள் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "அன்னிக்கு நீங்க சொன்னத நான் அவர்கிட்ட சொல்லல. கொஞ்சம் கவனிக்கணும்னு மட்டும் சொன்னேன். அவர் தலைய ஆட்டினது அதுக்கு. கை போகும்னு நீங்க சொன்னது அவருக்கு இன்னிக்குத்தான் தெரியும். என்னாலதான்."

அவன் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டான். கட்டிய கையைப் பார்த்தான். மன்னிச்சுடுங்க என்ற சொல் அவள் வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் அவன் பரவால்ல மேடம் என்பான், இப்போதுகூட அப்படித்தான் சொல்வான், அவனுக்கும் அந்தப் பழக்கம்தான். அவள் கேட்கவில்லை.

"முனிராஜா நின்னான் அதுல?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"அவனுக்குக் கை இருக்கா?"

"இருக்கு. இப்பத்தான் வெளிய வந்தான்."

"ரெண்டும்?"

"ரெண்டும் இருக்கு."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

சுகுணா டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். வசுமதிக்கு முன்னால் வந்து நின்று, முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போ," என்றாள். "வெளிய போ."

நிஷிமுரா மெதுவாகக் கேட்டார், "நான்தாத்தே?" என்ன சொல்றாங்க?

நோயாளிக்குச் சற்று ஓய்வு தேவைப்படுவது போலத் தெரிகிறது. அந்த வாக்கியம் தானாக வந்து, தலைவாரி, பொட்டு வைத்து, அவள் நாக்கின் மேல் நின்றது.

"தெதே இகே," என்றாள் வசுமதி. "வெளிய போன்னு சொல்றா."

நிஷிமுரா சுகுணாவைப் பார்த்துக் குனிந்தார். பிறகு இரண்டு பேரும் வெளியே போனார்கள்.